எரிமலைப் பாறையில் மாறிப்போன பொருட்கள்: அடையாளம் காண்பதும் வகைப்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசால்ட், ஆண்டிசைட், ரையோலைட் என்று எரிமலைப் பாறைகளைக் கையில் எடுத்துப் பார்த்து விவரம் எழுதுபவர்களுக்கான பக்கம் இது. குறிப்பாக, துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு எங்கே தொடங்குவது என்று முழிப்பவர்களுக்கு. கேள்விகள் பலவாக இருந்தாலும் நான் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்: பெயர் கடைசியில் வரட்டும். அந்தப் பொருள் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதன் இடத்தைப் பிடித்திருக்கிறது, எதற்குப் பின் வந்தது என்பதையெல்லாம் முதலில் எழுதுங்கள்.

“மாற்றம்” என்று எதைச் சொல்கிறோம்?

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது உண்டான கனிமங்களும் கண்ணாடியும் முதல் தலைமுறை. பிறகு தண்ணீரோ நீராவியோ கந்தக வாயுவோ காற்றிலுள்ள ஆக்சிஜனோ உள்ளே புகுந்து, அவற்றைக் கரைத்தும் பிரித்தும் வேறொன்றாக ஆக்கிவிடுகிறது. அதுதான் மாற்றம். அப்படி வந்தவற்றை மாற்றுக் கனிமங்கள் என்று சொல்லாமல் “மாற்றுப் பொருட்கள்” என்று பொதுவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவற்றில் பாதி, ஒரே கனிமம் என்று பெயர் சூட்டக்கூடிய நிலையில் இருப்பதில்லை. பல களிமண் கனிமங்களும் இரும்பு ஆக்சைடும் கலந்து கிடக்கும். சில ஒழுங்கான படிகமாகவே இருக்காது.

உருமாற்றப் பாறைக்கும் இதற்கும் கோடு போட்ட மாதிரி எல்லை கிடையாது. குமிழ்ப் பொந்தும் பெரிய படிகத்தின் வடிவமும் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதா? சரி, அதை மாறிய எரிமலைப் பாறை என்றே எழுதலாம்.

எது முதலில் மாறும்?

கண்ணாடி. திடீரென்று ஆறியதால் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காத பொருள் அது. தண்ணீர் பட்டால் தாங்காது. அடுத்து ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். பசால்ட்டின் மற்ற முக்கியக் கனிமங்களான பைராக்சீனும் பிளேஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பாரும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். ஆலிவின் இருந்த இடமெல்லாம் பழுப்புக் களிமண்ணாகிவிட, பக்கத்திலேயே பிளேஜியோகிளேஸ் கண்ணாடிச் சில்லு மாதிரி தெளிவாக நிற்பது பசால்ட்டில் அன்றாடக் காட்சி. அதனால் ஒரு கல் “புதுசு” என்று முடிவு கட்டுமுன் ஆலிவினைத் தேடிப் பாருங்கள். அது பளபளவென்று பச்சையாக இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

இந்த வரிசை குளிர்ந்த, அமிலம் குறைந்த தண்ணீருக்குத்தான். கந்தக அமிலம் கலந்த வெந்நீர் வந்தால் வரிசை பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போகும்.

கல்லைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

நிறம் கண்ணை இழுக்கும். ஆனால் முதலில் இடத்தைப் பாருங்கள். மாற்றுப் பொருள் நான்கு இடங்களில் உட்காரும். ஒன்று, பழைய படிகத்தின் இடத்தில். இரண்டு, படிகங்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய அடித்தளத்தில். மூன்று, வாயு விட்டுப்போன குமிழ்ப் பொந்தில். நான்கு, வெடிப்பில். முதல் இரண்டும் பதிலீடு: இருந்த ஒன்று போய் அதன் இடத்தில் இன்னொன்று வந்திருக்கிறது. பின் இரண்டும் நிரப்புதல்: காலியிடத்தில் தண்ணீர் கொண்டுவந்து படியவைத்தது. இந்த வேறுபாட்டைக் குறிக்காமல் “பச்சைக் களிமண் உள்ளது” என்று மட்டும் எழுதிய குறிப்பு பின்னால் யாருக்கும் உதவாது. பதிலீடு, அந்தப் பாறையும் தண்ணீரும் சேர்ந்து என்ன செய்தன என்று சொல்லும். நிரப்புதலோ தண்ணீர் எங்கிருந்தோ எதைச் சுமந்து வந்தது என்பதைக்கூடச் சொல்லிவிடும்.

இங்கே எல்லோரும் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. சின்னக் குமிழ்ப் பொந்தில் பச்சைக் களிமண் நிரம்பியிருந்தால், அது ஆலிவின் மாறியது மாதிரியே தெரியும். கைலென்ஸ் வைத்து ஓரத்தைப் பாருங்கள். பொந்தின் ஓரம் வழவழப்பான வளைவு, கூடவே சுவரை ஒட்டி ஒரு மெல்லிய பூச்சு. ஆலிவின் போன இடத்தில் ஓரம் கோணங்களோடு இருக்கும், பெரும்பாலும் ஆறு பக்கத் தோற்றம். உள்ளே பழைய வெடிப்புக் கோடுகள் வலை மாதிரி மிஞ்சியிருக்கும். உள்ளடக்கம் மாறியும் வெளிவடிவம் அப்படியே நிற்பதைப் போலியுரு என்பார்கள். நல்ல போலியுரு ஒன்று கிடைத்தால் அந்தப் பாறை முதலில் என்னவாக இருந்தது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

வெடிப்பின் இரு பக்கமும் நிறம் மாறிய பட்டை ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதன் அகலத்தை மில்லிமீட்டரில் குறியுங்கள். தண்ணீர் எந்த வழியாக வந்து எவ்வளவு தூரம் பாறைக்குள் ஊறியது என்பதற்கு அதுவே நேரடிச் சாட்சி.

ஆய்வுக்கூடம் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

நினைப்பதைவிட அதிக தூரம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஓர் எஃகு ஆணி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப் புட்டி, ஒரு தண்ணீர்ப் புட்டி போதும்.

ஆணியால் கீறுங்கள். களிமண் கனிமங்களும் குளோரைட்டும் கால்சைட்டும் எளிதில் கீறப்படும். எபிடோட்டிலும் குவார்ட்ஸிலும் ஆணிதான் தேய்ந்து தன் தடத்தை விட்டுவிட்டு வரும். அமிலம் விட்டதும் படபடவென்று நுரைத்தால் கால்சைட். மெதுவாக, பொடியாக்கிய பிறகு மட்டும் நுரைத்தால் டோலமைட் மாதிரி வேறு கார்பனேட்டை நினைக்கலாம். கல்லின் மேல் வாயால் ஊதி முகர்ந்து பாருங்கள், களிமண் அதிகமிருந்தால் மண்வாசனை வரும். உலர்ந்த துண்டை ஒரு சொட்டுத் தண்ணீரில் வையுங்கள். தண்ணீரை உறிஞ்சி வீங்கும் களிமண் கனிமமான ஸ்மெக்டைட் நிறைந்த துண்டு உப்பி, உதிரத் தொடங்கும். இன்னொன்று, ஒரே கல்லை உலர்ந்த நிலையிலும் நனைத்தும் இரண்டு முறை பாருங்கள். உலர்ந்த கல்லில் ஒளிந்திருக்கும் வெடிப்புப் பட்டைகள் நனைத்ததும் எழுந்து நிற்கும்.

பச்சையாக இருந்தால் குளோரைட்தானே?

இல்லை. எரிமலைப் பாறை விவரிப்பில் அதிகம் நடக்கும் தவறு இதுதான் என்பேன். நானும் செய்திருக்கிறேன். ஒரு பசால்ட் தண்டு முழுவதிலும் பொந்துகளில் இருந்த பச்சையைக் குளோரைட் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டேன். ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தபோது அது செலடோனைட். குளோரைட் என்றால் 200 டிகிரியைத் தாண்டிய வெந்நீர் என்று வாசிப்பார்கள். செலடோனைட் என்றால் வெதுவெதுப்பான, இன்னும் சொன்னால் குளிர்ந்த தண்ணீர். ஒரே ஒரு சொல்லால் கதை தலைகீழ்.

பச்சைகளைப் பிரிக்க எனக்குப் பழகிய வழி இது. செலடோனைட்டில் நீலம் கலந்திருக்கும், மங்கலாக, மண் மாதிரி, பொந்துச் சுவரைப் பூசியது போல் இருக்கும். பொட்டாசியமும் இரும்பும் கொண்ட அப்பிரகக் குடும்பத்துக் கனிமம் அது. ஓவியர்கள் பச்சை மண் என்று நிறமாகப் பயன்படுத்திய பொருட்களில் இதுவும் ஒன்று. இத்தாலியின் மாண்டே பால்டோ மலையிலிருந்து வெட்டியெடுத்த பச்சை பெயர் பெற்றது. குளோரைட் கரும்பச்சை, லென்ஸில் சின்னச் சின்னத் தகடுகள் தெரியும். எபிடோட் மஞ்சள் கலந்த பிஸ்தா பச்சை, கடினம், குச்சி குச்சியான படிகம்; ஒருமுறை பார்த்தவர் பிறகு தவறவிடமாட்டார். ப்ரெனைட் மிக வெளிறிய பச்சை, உருண்டு திரண்ட திரள், அதுவும் கடினம். நோன்ட்ரோனைட் என்ற இரும்பு ஸ்மெக்டைட் மஞ்சள்பச்சையாக, சோப்பு மாதிரி மென்மையாக இருக்கும்.

சப்போனைட் தனிக்கதை. மெக்னீசியம் நிறைந்த ஸ்மெக்டைட் அது. இரும்பும் சேர்ந்திருந்தால் பாறையை உடைத்த நிமிடத்தில் அழகான பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகவோ கறுப்பாகவோ போய்விடும். காலையில் திறந்த பெட்டியை மறுநாள் பார்ப்பவர் “கறுப்புக் களிமண்” என்றுதான் எழுதுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நிறத்தோடு, எப்போது பார்த்தது என்பதையும் எழுதுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

வெள்ளை நிரப்பிகளை எப்படிப் பிரிப்பது?

அமிலத்தில் நுரைத்தால் கால்சைட், முடிந்தது. ஆணி கீறாமல், மெழுகு மாதிரி மங்கலாக மினுங்கினால் கால்சிடனி. கண்ணாடி போன்ற ஆறு பக்கக் கூர்முனை தெரிந்தால் குவார்ட்ஸ். மாவு மாதிரி வெள்ளையாக, நாக்கில் ஒட்டினால் கயோலினைட்டாக இருக்கலாம். ஆனால் எதையும் நாக்கில் வைப்பதை நான் விட்டுவிட்டேன், காரணம் கீழே வருகிறது.

மிச்சமிருப்பவற்றில் பெரும்பகுதி சியோலைட். 1756-இல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் வைத்த பெயர். சூடாக்கியபோது அந்தக் கல் கொதிப்பது போல் நுரைத்தது என்பதால் கிரேக்க மொழியில் “கொதிக்கும் கல்”. படிகச் சட்டத்தின் துளைகளில் அடைந்திருக்கும் தண்ணீர்தான் அப்படி வெளியேறுகிறது. சியோலைட்டுகளை வடிவம் பார்த்துப் பிரிக்கலாம். நடுவிலிருந்து ஊசி ஊசியாக விரிந்தால் நேட்ரோலைட், மெசோலைட், ஸ்கோலெசைட் கூட்டம். இந்த மூன்றையும் கண்ணால் பிரிக்க முயலாதீர்கள். நடுவில் இறுக்கிக் கட்டிய கதிர்க்கட்டு மாதிரி இரு பக்கமும் விரிந்தால் ஸ்டில்பைட். முத்துப்போல் பளபளக்கும் முகத்தோடு சவப்பெட்டி வடிவில் தகடாக இருந்தால் ஹியூலாண்டைட். கொஞ்சம் சாய்ந்த கனசதுரம் என்றால் சாபசைட். பல முகங்களோடு உருண்டையாக நின்றால் அனல்சைம்.

அப்போஃபிலைட் என்று ஒன்று இவற்றோடு சேர்ந்தே வரும். தக்காணப் பீடபூமியின் பசால்ட் பொந்துகளில், புனே, ஜல்கான் பக்கத்துக் கல்குவாரிகளில், உள்ளங்கை அளவுப் படிகங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. பார்க்க சியோலைட் மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்தக் குடும்பம் இல்லை. நாற்பக்கக் கட்டியாக நின்று, உச்சி முகம் மட்டும் முத்து மாதிரி மினுங்கினால் அதுதான்.

இப்போது அந்தக் காரணம். எரியோனைட் என்ற சியோலைட் கம்பளி இழை மாதிரி மெல்லிய நாராக வளரும். அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரல் உறையில் புற்றுநோயை உண்டாக்கும். துருக்கியின் கப்படோசியாவில் காரைன், துஸ்கோய் போன்ற ஊர்களில் இந்த நோய் கொத்துக்கொத்தாக வந்ததற்கு எரிமலைச் சாம்பல் பாறையிலிருந்த எரியோனைட்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நார் நாராக எதைக் கண்டாலும் உலர்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம், நனைத்துவிட்டுக் கையாளுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

சிவப்பும் பழுப்பும்?

இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்பதற்கு மேல் நிறம் மட்டும் சொல்லாது. லாவா ஓட்டத்தின் மேற்பரப்பு வெடித்த சூட்டிலேயே சிவந்திருக்கலாம். நெடுங்காலம் வெயில் மழையில் கிடந்து மண்ணாகிச் சிவந்திருக்கலாம். ஆழத்தில் ஆக்சிஜன் கலந்த தண்ணீர் ஓடியும் சிவந்திருக்கலாம். இரண்டு லாவா ஓட்டங்களுக்கு இடையே சிவப்புக் களிமண் படுகை இருந்தால், அடியிலுள்ளதன் உச்சியிலிருந்து அது படிப்படியாக மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அது பழைய மண்.

ஆலிவினைச் சுற்றிய செம்பழுப்பு வளையத்துக்கு இடிங்சைட் என்று பெயர். 1893-இல் லாசன் என்ற புவியியலாளர், இடிங்ஸ் என்ற பாறையியலாளர் நினைவாக ஒரு கனிமம் என்று நினைத்தே வைத்த பெயர். பின்னால் பார்த்தால் கோதைட் என்ற இரும்புக் கனிமமும் களிமண்ணும் கலந்த கலவை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது, பயனாகவும் இருக்கிறது: “ஆலிவின் ஆக்சிஜனேற்றச் சூழலில் இப்படி மாறியது” என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. கலவை என்பதை மறக்காதவரை அதை எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அப்படியானால் பாலகோனைட்?

அதுவும் கனிமம் இல்லை. பசால்ட் கண்ணாடி தண்ணீரை இழுத்துக்கொண்டு மஞ்சளிலிருந்து பழுப்பு வரை நிறம் மாறிய பொருள். சிசிலியின் பாலகோனியா ஊரின் பெயரால் வால்டர்ஸ்ஹாசன் என்ற ஜெர்மன் புவியியலாளர் 1845-இல் அழைத்தார். மெல்வெட்டில், அதாவது பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிய சில்லில் பார்த்தால் இரண்டு வகை தெரியும். கண்ணாடியை ஒட்டித் தெளிவான மஞ்சள் பட்டை, குறுக்குத் துருவ ஒளியில் (நுண்ணோக்கியில் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு துருவ வடிகட்டிகளுக்கு நடுவே பார்க்கும்போது) இருண்டுவிடும். இது கூழ் வகை. அதற்கு வெளியே நார் நாராக, ஒளிரும் பட்டை. இது ஏற்கனவே ஸ்மெக்டைட்டாகத் திரளத் தொடங்கியது.

இதற்கு யுகம் யுகமாகக் காலம் வேண்டும் என்று நினைத்திருந்தால், ஐஸ்லாந்தின் சுர்ட்சே தீவைப் பாருங்கள். 1963 நவம்பரில் கடலிலிருந்து எழுந்து, 1967-இல் வெடிப்பு ஓய்ந்த தீவு. 1969-லேயே அங்கே சாம்பல் இறுகிப் பாலகோனைட் பாறையாகியிருந்ததைக் கண்டார்கள். உள்ளே மிச்சமிருந்த சூடும் நீராவியும் செய்த வேலை.

ரையோலைட் கண்ணாடியின் பாதை வேறு. ஆப்சிடியனில் தண்ணீர் 1 சதவீதத்துக்கும் குறைவு. அது தண்ணீர் ஏற்று 2 முதல் 5 சதவீதம் ஆகும்போது வெங்காயத் தோல் மாதிரி வளைவான வெடிப்புகளோடு பெர்லைட் ஆகிறது. எரிமலைச் சாம்பல் படுகை முழுதும் ஸ்மெக்டைட்டாக மாறினால் பென்டோனைட்.

கனிமப் பெயர் உறுதியாகத் தெரியாதபோது என்ன எழுதுவது?

பார்த்ததை எழுதுங்கள். “நீலப்பச்சை, மென்மையான, மண் போன்ற பொருள்; பொந்துச் சுவரில் அரை மில்லிமீட்டர் பூச்சு; செலடோனைட்டாக இருக்கலாம்.” வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு பகுப்பாய்வு வந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதும், விவரம் நிற்கும். மாறாகப் பெயரை மட்டும் எழுதிவைத்து அது தவறென்று தெரிந்தால், மொத்தக் கல்லையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1868-இல் ஜெர்மன் புவியியலாளர் ரிக்டோஃபென் “புரோபிலைட்” என்று ஓர் எரிமலைப் பாறைக்குப் பெயர் வைத்தார். தனியொரு பாறை வகை என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அது வெந்நீர் பட்டுப் பச்சையாகிப்போன ஆண்டிசைட் வகையறாதான். பாறைப் பெயராக அது செத்துப்போய், மாற்றத்தின் பெயராக இன்றும் வாழ்கிறது.

எது முன், எது பின் என்று எப்படிச் சொல்வது?

குமிழ்ப் பொந்துதான் இதற்குச் சிறந்த பாடம். சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு பொந்தைப் பாருங்கள். சுவரில் முடியளவு நீலப்பச்சைப் பூச்சு. அதன் மேல் சாம்பல்நிறக் கால்சிடனி, அடிப்பக்கத்தில் மட்டும் தட்டையாகக் கிடையாகப் படிந்திருக்கிறது. அதற்கு மேலே காலி இடம். அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று ஹியூலாண்டைட் தகடுகள். ஒரு மூலையில் அவற்றின் மேலேயே உட்கார்ந்த கால்சைட் கட்டி. சுவரிலிருந்து உள்நோக்கி வாசித்தால் அதுவே வரிசை: செலடோனைட், கால்சிடனி, ஹியூலாண்டைட், கால்சைட். நான்கு வேறு தண்ணீர், அல்லது ஒரே தண்ணீரின் நான்கு மனநிலை.

அந்தத் தட்டையான கால்சிடனித் தரை இன்னொன்றும் சொல்கிறது. அது படிந்தபோது கிடையாக இருந்திருக்க வேண்டும். இன்று பாறையில் அது சாய்ந்திருந்தால், பாறையே பின்னால் சாய்ந்திருக்கிறது.

வெடிப்புகளில் விதி எளிது. எது எதை வெட்டிக்கொண்டு போகிறதோ அது இளையது. ஒரே ஒரு எச்சரிக்கை: பின்னால் வந்த பொருள் முன்னதைத் தின்று அதன் இடத்தில் உட்காரவும் செய்யும். ஓரங்கள் அரிக்கப்பட்ட மாதிரி இருந்தால், வரிசையைப் பென்சிலில் எழுதுங்கள்.

எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்க ஒழுங்கு உண்டா?

கடலடித் துளையிடல் திட்டங்களில் பரவலாகப் பயன்பட்ட ஓர் அளவுகோல் உண்டு: 2 சதவீதத்துக்குக் கீழே புதியது, 2 முதல் 10 வரை லேசானது, 10 முதல் 40 வரை மிதமானது, 40 முதல் 80 வரை அதிகம், 80 முதல் 95 வரை மிக அதிகம், அதற்கு மேல் முழு மாற்றம். கண் மதிப்பீடுதான், நாளுக்கு நாள் ஆளுக்கு ஆள் மாறும். அதைக் குறைக்க நான் செய்வது, கண்ணாடி, ஆலிவின், பைராக்சீன், பிளேஜியோகிளேஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சதவீதம் போட்டுவிட்டு அப்புறம் கூட்டுவது. பொந்து நிரப்பியதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே மாறுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, வெறும் காற்று.

மாற்றுப் பொருளை வைத்து வெப்பநிலை சொல்லலாமா?

ஓரளவு. ஐஸ்லாந்தின் புவிவெப்பக் கிணறுகளில் அளந்த வெப்பநிலையையும் வெளியே வந்த பாறைத் துகள்களையும் ஒப்பிட்டு வரையறைகள் வகுத்திருக்கிறார்கள். ஸ்மெக்டைட் 200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. அதற்கு மேல் ஸ்மெக்டைட்டும் குளோரைட்டும் அடுக்கடுக்காகக் கலந்த களிமண். 230-ஐ ஒட்டி முழுக் குளோரைட். 230 முதல் 250-க்குள் எபிடோட் தலைகாட்டும். 280-ஐத் தாண்டினால் ஆக்டினோலைட். கால்சிடனிக்குப் பதில் குவார்ட்ஸ் வரத் தொடங்குவது 180 டிகிரி அளவில்.

சியோலைட்டுகளும் மண்டலம் மண்டலமாக வரும். கிழக்கு ஐஸ்லாந்து மலைகளில் ஜார்ஜ் வாக்கர் என்ற புவியியலாளர் 1960-இல் இதை வரைந்து காட்டினார்: மேலே சியோலைட்டே இல்லாத பகுதி, கீழே சாபசைட்–தாம்சனைட், அதற்குக் கீழே அனல்சைம், பிறகு மெசோலைட்–ஸ்கோலெசைட். இதன் அழகு, இந்த மண்டலங்கள் லாவா அடுக்குகளைப் பின்தொடராமல் குறுக்கே வெட்டிப் போகின்றன. ஆக, லாவா எல்லாம் குவிந்து முடிந்த பிறகு, அன்றிருந்த மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து உருவானவை. அதை வைத்தே மேலே எத்தனை நூறு மீட்டர் பாறை அரித்துப் போயிருக்கிறது என்று கணக்கிட முடிந்தது.

ஒற்றைக் கனிமத்தை வைத்து வெப்பநிலை சொல்லாதீர்கள். அமிலத்தன்மை, கரைந்த கார்பன் டை ஆக்சைடு, பாறையின் இறுக்கம் எல்லாம் குறுக்கிடும். கூட்டமாக எது எதோடு வருகிறது என்று பாருங்கள்.

புரோபிலிட்டிக், ஆர்கிலிக் என்று எழுதுகிறார்களே?

அவை கனிமக் கூட்டங்களின் பெயர்கள், பெரும்பாலும் தாதுச் சுரங்கத் தேடலில் புழங்குபவை. குளோரைட், எபிடோட், அல்பைட் (சோடியம் ஃபெல்ஸ்பார்), கால்சைட், கொஞ்சம் பைரைட் (இரும்புச் சல்ஃபைடு) சேர்ந்தால் புரோபிலிட்டிக். ஸ்மெக்டைட்டும் கயோலினைட்டும் முன்னால் நின்றால் ஆர்கிலிக். நுண்ணிய வெள்ளை அப்பிரகம், குவார்ட்ஸ், பைரைட் என்றால் பில்லிக். பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் இரண்டாம் தலைமுறை பயோடைட்டும் என்றால் பொட்டாசிக். அலுனைட், கயோலினைட், பைரோபிலைட் இருந்து, பாறை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான சிலிக்காவாக மிஞ்சியிருந்தால் அது மேம்பட்ட ஆர்கிலிக். கடும் அமிலம் மற்றதையெல்லாம் கரைத்துப் போய்விட்ட இடம். அரிசோனாவின் சான் மானுவேல்–கலமசூ தாதுக் கிடங்கில் லோவெல், கில்பர்ட் என்ற புவியியலாளர்கள் 1970-இல் இந்தக் கூட்டங்கள் ஒன்றைச் சுற்றி ஒன்று ஓடு ஓடாக அமைந்திருப்பதைக் காட்டிய பிறகு இந்தச் சொற்கள் எங்கும் பரவின. வெறும் கடலடிப் பசால்ட்டில் இவற்றை ஒட்டவைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

வெயில் மழையால் வந்ததா, வெந்நீரால் வந்ததா?

மேலிருந்து கீழே போகப் போகக் குறைந்தால் வெயில் மழை. வெடிப்பைச் சுற்றி அதிகமாகி, ஆழத்திலும் தொடர்ந்தால் வெந்நீர். பாறை வெங்காயத் தோல் மாதிரி உரிந்து, உள்ளே மாறாத உருண்டை மிஞ்சியிருந்தால் மேற்பரப்புச் சிதைவு. உடையாத, துருப்பிடிக்காத பைரைட் பளபளத்தால் ஆக்சிஜன் அங்கே போகவில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நடப்பதும் சகஜம்: வெந்நீர் வைத்த பைரைட் மேற்பரப்புக்கு வந்ததும் துருப்பிடித்து, அமிலம் விட்டு, பக்கத்துப் பாறையைக் கயோலினைட்டாக்கும். அந்தக் கயோலினைட்டை வெந்நீர்க் கணக்கில் எழுதினால் படம் கெட்டது.

ஆய்வுக்கூடத்தில் எதைக் கேட்க வேண்டும்?

முதலில் மெல்வெட்டு. குளோரைட் குறுக்குத் துருவ ஒளியில் இயல்புக்கு மாறான கருநீலம் காட்டும், பார்த்ததும் தெரியும். களிமண் என்றால் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை. ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டச் சொல்லுங்கள்: உலர்ந்தபடி, எத்திலீன் கிளைகால் ஆவியில் வைத்து, 550 டிகிரியில் சுட்டு. களிமண் படிகத்தின் அடுக்கு இடைவெளி 12 முதல் 15 ஆங்ஸ்ட்ராமில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒன்று) இருந்து கிளைகாலில் 17-க்கு விரிந்து, சுட்டதும் 10-க்குச் சுருங்கினால் ஸ்மெக்டைட். 14-இல் தொடங்கி அசையாமல் நின்றால் குளோரைட். 7-இல் இருந்து சுட்டதும் காணாமல் போனால் கயோலினைட். கிளைகால் ஓட்டத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், ஸ்மெக்டைட்டையும் குளோரைட்டையும் பிரிப்பதே அதுதான்.

நிறைய மாதிரி இருந்தால் குறு அலை அகச்சிவப்பு மானி வசதி. 2200 நானோமீட்டரை ஒட்டிய பள்ளம் அலுமினியக் களிமண்ணையும் வெள்ளை அப்பிரகத்தையும் காட்டும். 2300-க்கு மேல் வந்தால் மெக்னீசியமோ இரும்போ கொண்டது, அல்லது கார்பனேட்.

மாறிய பாறையின் வேதிப் பகுப்பாய்வை நம்பலாமா?

பாதி நம்பலாம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் தண்ணீரோடு வந்து போகிறவை. அவற்றை வைத்துப் பாறைக்குப் பெயர் வைத்தால் ஏமாறுவீர்கள். டைட்டானியம், சிர்க்கோனியம், நியோபியம், இட்ரியம் பெரும்பாலும் இடம் பெயராது. 1977-இல் வின்செஸ்டர், ஃப்ளாய்ட் என்ற ஆய்வாளர்கள் இவற்றின் விகிதங்களை வைத்தே வரைபடம் போட்டது அதனால்தான். சூடாக்கும்போது இழக்கும் எடை 2 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகத்தோடு பாருங்கள். பொந்து நிரப்பிகளை எடுத்துவிட்டுத்தான் பொடியாக்க வேண்டும், இல்லையேல் கால்சைட்டைப் பகுப்பாய்ந்துவிட்டு பசால்ட் என்று எழுதுவீர்கள்.

இவ்வளவு நுணுக்கம் யாருக்கு வேண்டும்?

எரிமலையின் அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு. அமெரிக்காவின் ரெய்னியர் மலையில் வெந்நீர் பட்டுக் களிமண்ணாகிய பகுதி ஏறக்குறைய 5,600 ஆண்டுகளுக்கு முன் சரிந்து, ஓசியோலா சேற்று வெள்ளமாகப் பாய்ந்தது. களிமண்ணான பகுதி எது என்று தெரிந்தால் சரியப்போவது எது என்று யூகிக்கலாம். பிறகு கார்பனைப் பாறைக்குள் பூட்ட நினைப்பவர்களுக்கு: ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டியில் பசால்ட்டுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கார்பனேட்டாகிவிட்டது என்று 2016-இல் அறிவித்தார்கள். இயற்கை பொந்துகளில் செய்வதைக் குழாய் போட்டுச் செய்தது அது.

மாதிரிகளை எப்படி வைத்திருப்பது?

எடுத்த அன்றே, நனைத்து ஒன்றும் உலர்ந்து ஒன்றுமாகப் படம் எடுங்கள். நிற அட்டையும் அளவுகோலும் படத்தில் இருக்கட்டும். ஸ்மெக்டைட் நிறைந்த தண்டுகளைக் குளிரூட்டி அறையில் காயவிட்டால் வெடித்து உதிரும். பிளாஸ்டிக்கில் சுற்றி மூடுங்கள். லோமோன்டைட் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால் இன்னும் அவசரம். வெள்ளையாக, குச்சி குச்சியாக இருக்கும் சியோலைட் அது. உலர்ந்த காற்றில் தண்ணீரை இழந்து தானாகவே பொடியாகிவிடும். சில மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் பொந்தில் சுண்ணாம்புத் தூள் மாதிரி கொஞ்சம் கிடக்கும், அவ்வளவுதான். அது எந்த வடிவில் நின்றது, எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் முதல் நாள் குறிப்பில் இருந்தால் உண்டு.